களப்பணிக் கால உதிரி பாகத் தேவையைச் சராசரியில் சேர்க்கலாமா?

குன்னூர் கிடங்கு:
வணக்கம். ராணுவ வாகனப் பிரிவு ஒன்றின் கிடங்கில் பணியாற்றி ஓய்வு பெற்றவன்; இப்போது இருப்புக் கணக்கு மென்பொருள் எழுதும் இளைஞர்களுக்கு உதவி வருகிறேன். பிரிவு ஆறு மாதம் களப்பணிக்குச் சென்றால், அங்கே ஏர் ஃபில்டரும் பிரேக் லைனிங்கும் மளமளவெனத் தீர்கின்றன. அதே மாதங்களில் தலைமையிடக் கிடங்குக்கு ஓர் இன்டென்ட்கூட (பாகம் கேட்டு எழுதும் படிவம்) வருவதில்லை. ஆண்டுச் சராசரி எடுத்தால், பிரிவு திரும்பிய பின் சில பாகங்கள் குவிந்து கிடக்கின்றன, சில பட்டியலிலிருந்தே நீங்கிவிடுகின்றன. அந்த மாதங்களை அழித்துவிடலாமா?

கோத்தகிரி மெக்கானிக்:
அழிக்க வேண்டாம் ஐயா. அடுத்த முறை பிரிவு புறப்படும்போது எதை எவ்வளவு எடுத்துச் செல்வது என்பதற்குக் கையில் இருக்கும் சான்று அதுதான். ஒவ்வொரு இன்டென்ட்டிலும் களமா, தலைமையிடமா என்ற குறியீட்டைச் சேர்த்து, இரண்டையும் தனித்தனி வரிசையாக வையுங்கள். தேவையை மாதக் கணக்கில் பார்க்காமல், வண்டிக்கு ஓடிய கிலோமீட்டரையும் ஜெனரேட்டருக்கு ஓடிய மணி நேரத்தையும் கொண்டு வகுத்துப் பாருங்கள். கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்கும் வண்டியின் பிரேக் லைனிங்கைச் சமவெளி வண்டியின் கணக்கோடு இங்கே எந்த மெக்கானிக்கும் சேர்க்க மாட்டார். வண்டியே இல்லாத மாதத்தில் தலைமையிடக் கிடங்குக்குச் சுழியம் போடுவதும் தவறு. அந்த இடம் வெற்றாக இருக்க வேண்டும்.

உதகை வாசகர்:
மேலே சொன்னது சரி. விட்டு விட்டு எழும் தேவைக்கு 1972-இல் கிராஸ்டன் என்ற ஆய்வாளர் வெளியிட்ட மதிப்பீட்டு முறையைப் பயன்படுத்துவதானால் கூடுதல் கவனம் தேவை. தேவை எழும்போது மட்டுமே அந்த மதிப்பீடு புதுப்பிக்கப்படும் என்பதால், களத்தில் ஏறிய எண், பிரிவு திரும்பி வந்து மாதக்கணக்கில் யாரும் கேட்காதபோதும் அப்படியே நிற்கும்.

வெலிங்டன் முன்னாள் படைவீரர்:
பதிவே பிழையாக இருந்தால் எந்தச் சூத்திரமும் உதவாது. கேட்டது எங்கே இருக்கிறதென்று தெரியாதபோது களத்தில் இருப்பவர் மறுபடியும் எழுதுவார். ஒரே வண்டியின் ஒரே ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மூன்று தேதிகளில் மூன்று இன்டென்ட்களை நானே லெட்ஜரில் கண்டிருக்கிறேன், பழுதோ ஒன்றுதான். 1991 வளைகுடாப் போரில் அமெரிக்கப் படைக்குச் சென்ற ஏறத்தாழ 40,000 கொள்கலன்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றை, உள்ளே இருப்பதை அறிவதற்காகவே திறக்க வேண்டியிருந்தது. ஆகவே வண்டி எண்ணையும் பழுதான தேதியையும் வைத்து எண்ணுங்கள். நின்றுபோன வண்டியிலிருந்து கழற்றி மற்றொன்றில் பொருத்திய பாகம் கிடங்குக் கணக்கில் ஏறுவதே இல்லை, அதுவும் தேவைதான்.

குன்னூர் கிடங்கு:
மூவருக்கும் நன்றி. கழற்றிப் பொருத்திய பாகத்துக்கு இரு வண்டி எண்களையும் எழுத, படிவத்தில் ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லிவிட்டேன்.