ராத்திரி பதினொன்ர மணிக்கு அலமாரியத் தொறக்கது: நாக்குத் திமிரா, மனசு சரியில்லாததா?

ராத்திரி அடுக்களை:
எல்லாருக்கும் வணக்கம். நான் இங்க சமையல் குறிப்பு படிச்சிட்டு சத்தமில்லாம போறவ, எழுதுதது இதான் மொத தடவை. வயசு 39, ஊரு பாளையங்கோட்டை, திருநெல்வேலி வண்ணாரப்பேட்டைல ஒரு ஜவுளிக்கடையில பில்லு போடுத வேலை. அம்மா ஐப்பசில தவறிட்டாவ. பதினாறு விசேஷம் முடிஞ்சு மிஞ்சின பலகாரம் பூராவும் எங்க வீட்டுக்குத்தான் வந்துச்சு, அன்னைக்கு ஆரம்பிச்சது இது. அவிய, பிள்ளைய எல்லாம் ஒறங்கின பொறவு எந்திரிச்சு அடுக்களைக்குப் போவேன், லைட்டு போட மாட்டேன், அலமாரியத் தொறந்து கையில என்ன அகப்படுதோ அத நின்னுக்கிட்டே திம்பேன். பசியெல்லாம் கெடையாது. போன வாரம் மாமா வீட்டுக்குக் குடுக்கதுக்குன்னு வாங்கி வச்சிருந்த அரைக்கிலோ அல்வால பாதிய முடிச்சிட்டு, தாள்ல ஒட்டியிருந்த நெய்ய வெரலால வழிச்சு நக்கிக்கிட்டு நிக்கேன், நெஞ்சடைக்கு, வயிறு கல்லா இருக்கு, அப்பவும் கை அடுத்த டப்பாவுக்குப் போவுது. காலையில வெக்கமாப் போயி ஒண்ணுமே திங்காம கெளம்பிருவேன். கடையில கூட்டம் கொறஞ்சு சாப்பாட்டு டப்பாவத் தொறக்க மூணர ஆயிரும். எட்டு மாசத்துல ஒம்போது கிலோ ஏறிட்டேன்.

ஒரு ஆன்லைன் வகுப்பு விளம்பரம் பாத்தேன். சாப்பாட்டோட, உணர்ச்சியோட, உங்களோட நீங்க வச்சிருக்க ஒறவச் சரி பண்ணுங்கன்னு போட்டிருக்கு, 4,999 ரூவா. வீட்ல சொன்னா சிரிக்காவ. அப்படி ஒரு ஒறவு உண்டா, இல்ல நான்தான் வாயக் கட்டத் தெரியாதவளா? நேராவே சொல்லுங்க.

கொக்கிரகுளம் அண்ணாச்சி:
நேரா கேட்டதால நேரா சொல்லுதேன் தாயி, கோவப்படாத. ஒறவு மாமன் மச்சான்கிட்ட இருக்கலாம், அல்வாகிட்ட என்ன ஒறவு? எனக்கு சுகர் வந்து 14 வருசம் ஆச்சு. எங்க அண்ணன் இதே மாதிரிதான் "மனசு சரியில்லடே, மனசு சரியில்லடே"ன்னு சொல்லிச் சொல்லித் தின்னாவ, கடைசியில வலது கால் பெருவெரல எடுத்தாச்சு. சுகர் மிசின் மனசக் கேட்டுட்டா நம்பர் காட்டுது? வீட்டுக்குப் பண்டம் வாங்கதையே நிப்பாட்டு. ராத்திரி ஏழரைக்கு ரெண்டு இட்லி, அதோட அடுக்களையப் பூட்டு. அந்த 4,999 ரூவாய்க்கு நல்ல செருப்பு ஒண்ணு வாங்கி நட, மிச்சத்துக்குப் பிள்ளையளுக்கு எதாவது எடு.

சும்மா வந்தவன்:
அண்ணாச்சி சொன்னதுதான் சரி. எங்க ஆச்சி பழைய சோறும் சுட்ட கருவாடும் தின்னு 88 வயசு வர இருந்தா, அவளுக்கு எந்த ஒறவும் கெட்டுப்போவல. கையில காசு கூடுனா இந்த மாதிரி நோயெல்லாம் வரும்.

மேலப்பாளையம் பிள்ளை:
அக்கா, நான் நர்சிங் முடிச்சிட்டு ஒரு தனியார் ஆஸ்பத்திரில வேல பாக்கேன். அண்ணாச்சி சொன்ன சுகர் விசயம் நூத்துக்கு நூறு சரி, ஆனா "பூட்டு போடு"ங்கதுல எனக்கு ஒப்புதல் இல்ல. நீங்க எழுதினதுல எல்லாரும் அல்வாவத்தான் பாத்தாவ, நான் மூணரை மணியப் பாத்தேன். முந்தின நாள் ராத்திரில இருந்து மறுநாள் மத்தியானம் மூணர வர வெறும் வயிறு. அது கிட்டத்தட்ட பதினாறு மணி நேரம்.

அமெரிக்கால மின்னசோட்டாவுல 1944 கடைசில ஒரு சோதனை ஆரம்பிச்சாவ, ஆன்செல் கீஸ்னு ஒருத்தர். நல்ல திடகாத்திரமான, மனசும் உறுதியான ஆம்பளையளாப் பாத்து 36 பேர எடுத்து ஆறு மாசம் அரைவயிறு கால்வயிறாப் போட்டாவ. நாளாக ஆக அவங்களுக்கு வேற எந்த நெனப்பும் ஓடல, சமையல் புஸ்தகத்த கத மாதிரி படிச்சாங்களாம், தட்ட நக்குனாங்களாம், பொறவு சாப்பாடு இஷ்டத்துக்குக் கெடச்சப்ப வயிறு நெறஞ்சும் நிறுத்த முடியாம தின்னவங்க இருந்தாங்க. இவங்கள்லாம் வாயக் கட்டத் தெரியாதவங்களா? பட்டினி போட்டா ஒடம்பு திருப்பிக் கேக்கும், அதுக்கு நல்லவன் கெட்டவன் தெரியாது.

கொக்கிரகுளம் அண்ணாச்சி:
பாப்பா, அது யுத்த காலத்துப் பட்டினி. இந்தத் தாயி காலையில ரெண்டு தோசைய விடுததும் அதுவும் ஒண்ணா? இவ ஒம்போது கிலோ ஏறியிருக்கா, பட்டினி கெடந்தவளுக்கா ஏறும்? அப்புறம் உங்க ஆளுவ முப்பது நாள் நோம்பு வைக்கியளே, அப்ப எல்லாரும் ராத்திரி அலமாரியவா தொறக்காவ?

மேலப்பாளையம் பிள்ளை:
நல்ல கேள்வி அண்ணாச்சி, இதையே நானும் யோசிச்சிருக்கேன். நோம்புல பசி உண்டு, தண்ணி கூட கெடையாது. ஆனா அந்தப் பசிக்கு ஒரு முடிவு நேரம் இருக்கு, பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழம், கஞ்சி, வடைன்னு வீடே சுத்தி உக்காரும், கஞ்சிக்கோப்பை கை மாறும், யாரும் "ஐயோ தின்னுட்டேனே"ன்னு அழுவதில்ல. அக்காவோட பட்டினி தண்டனை. ராத்திரி தின்னதுக்குக் காலையில தனக்குத்தானே போடுத அபராதம். ரெண்டும் ஒண்ணு இல்ல. (நோம்பு மாசம் வடையில சுகர் ஏறுமான்னு கேப்பிய, ஏறும், எங்க வாப்பாவுக்கே ஏறுச்சு, அத ஒத்துக்கிடுதேன்.)

இன்னொன்னு. பசியில்லாம, வேகமா, வயிறு வலிக்க வலிக்க, வெக்கத்துல தனியா நின்னு திங்கது, பொறவு தன்னையே வெறுக்கது, வாரத்துக்கு ஒரு தடவையாவது மூணு மாசமா இப்படி நடந்தா டாக்டர்மார் அதுக்கு ஒரு பேரே வச்சிருக்காவ, 2013ல இருந்து மனநல கையேட்டுல தனி நோயாவே இருக்கு. அக்காவுக்கு அதுதான்னு நான் சொல்லல, முத்திர குத்துதது என் சோலி இல்ல. ஆனா "நாக்குத் திமிரு"ன்னு மட்டும் சொல்லாதீங்க.

அல்வாக்கடை பேரன்:
நான் சண்டைக்கு வரல, எங்க சோலிய மட்டும் சொல்லிட்டுப் போறேன். கோதுமைய ஊறப்போட்டு ஆட்டிப் பாலெடுத்து, சீனியும் நெய்யும் விட்டுக் கிண்டிக்கிட்டே நிக்கணும், சட்டியில ஒட்டாம சுருண்டு வரும் பாருங்க அது வர கைய எடுக்க முடியாது. நாள் பூரா அந்த நெய் வாசத்துல நின்னுட்டு வீட்டுக்குப் போனா ரசஞ்சோறும் சுட்ட அப்பளமும்தான் கேக்கும். புதுசா சேர்த பையன் மொத வாரம் வழிச்சு வழிச்சுத் திம்பான், யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாவ, ரெண்டாம் வாரம் குடுத்தாலும் வேண்டாம்பான். அதனால பூட்டு போட்டா ஆசை போவும்ங்கதுல எனக்கும் நம்பிக்க இல்ல. சாயந்திரம் கடைக்கு வருத பெரியாட்கள் "சுகர் இருக்கு, அம்பது கிராம் மட்டும் போடுவே"ன்னு சூடா இலையில வாங்கி நின்ன எடத்துலயே தின்னுட்டு வேட்டியில கையத் தொடச்சிட்டுப் போவாவ, அவ்வளவுதான், அதுல ஒரு நிம்மதி தெரியும்.

கொக்கிரகுளம் அண்ணாச்சி:
ஏலே, உங்க தாத்தாவுக்கு சுகர் உண்டா இல்லையா? சத்தியமா சொல்லு.

அல்வாக்கடை பேரன்:
உண்டு அண்ணாச்சி.

கொக்கிரகுளம் அண்ணாச்சி:
அவ்வளவுதான் சோலி முடிஞ்சு.

இட்லிப்பானை:
நான் அம்பாசமுத்திரத்துக்காரி, இப்பம் மகன் வீட்ல இருக்கேன், வயசு 66, தட்டித் தட்டி எழுத நேரமாவும், பொறுத்துக்கோங்க.

சும்மா வந்தவன் தம்பி, உங்க ஆச்சி உங்கிட்ட வந்து சொல்லிருப்பாளா, எனக்கு மனசு இப்படி இருக்குன்னு? எங்க மாமியா வீட்ல பதினோரு பேரு. ஆம்பளைய, பிள்ளைய, பொறவு மாமியா, கடைசியில மருமவமாரு. சோறு வடிக்கையிலேயே தெரியும் நமக்கு அடிச்சட்டிதான்னு. சொதி வச்ச அன்னைக்கு முருங்கைக்கா ஒரு துண்டு கெடந்தா அதிர்ஷ்டம், இல்லேன்னா வெறுஞ்சாறு. ஒரு நா மத்தியானம் எல்லாரும் ஒறங்கையில குலுக்கையில கை விட்டுக் கருப்பட்டி ஒண்ண எடுத்து முந்தானையில மறச்சுக்கிட்டு தொழுவத்துல போயி மாட்டுக்குப் பக்கத்துல உக்காந்து கடிச்சுத் தின்னேன். பல்லு கூசுது, கண்ணுல தண்ணி ஓடுது. அன்னைக்கு எனக்கு வயசு 22, முழுகாம இருந்தேன். அத நாக்குத் திமிருன்னு சொன்னா நான் ஒத்துக்கிட மாட்டேன். இன்னைக்கும் வீட்ல எல்லாம் இருக்கு, மருமவ உக்காருங்க அத்தன்னு தட்டு வைக்கா, எனக்கு உக்காந்து தின்னா தொண்டையில எறங்க மாட்டேங்கு, அடுப்புப் பக்கம் நின்னுதான் திங்கேன். இது என்ன ஒறவோ எனக்குத் தெரியாது.

அதே மாதிரி வயசுக்கு வந்த பிள்ளைக்கு உளுந்தங்களி கிண்டி நல்லெண்ணெய ஊத்தி, தின்னுட்டி தின்னுட்டின்னு உருட்டி வாயில வைப்போம். அந்த வயசுல தின்னா இடுப்புக்கு பெலம், அதே பிள்ள முப்பது வயசுல தின்னா திமிரு. நல்லா இருக்கு நியாயம்.

மவளே, உங்கிட்ட ஒண்ணு கேக்கேன். ராத்திரி போயி மொதல்ல எந்த அலமாரியத் தொறக்க? மொதக் கை எதுல வைக்க? யோசிச்சுச் சொல்லு.

சும்மா வந்தவன்:
ஆச்சி, தப்பா நெனைக்காதீங்க, சும்மாதான் சொன்னேன்.

கொக்கிரகுளம் அண்ணாச்சி:
அக்கா எழுதினதுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன், எங்க அம்மையும் அடிச்சட்டிதான் தின்னா. ஆனா ஒண்ணு. துக்கம் இருக்குன்னு சொல்லிட்டா இன்சுலின் கூடச் சொரக்கவா போவுது? ரெண்டையும் பாக்கணும். தாயி, நாளைக்கு வெறும் வயித்துல ரத்தம் குடுத்துட்டு வந்து நம்பரச் சொல்லு. உனக்குத்தான் வெறும் வயிறு பழக்கமாச்சே.

ராத்திரி அடுக்களை:
ரெண்டு நாளா எழுதல. ஆச்சி கேட்டது மண்டையிலேயே நின்னுச்சு, அதனால நேத்து ராத்திரி என்ன செய்யுதேன்னு நானே பாத்தேன்.

மேல்தட்டு அலமாரிதான் மொதல்ல தொறக்கேன். அதுல அம்மா கடைசியாப் போட்ட நார்த்தங்கா இருக்கு ஒரு பீங்கான் ஜாடில, சுருள் சுருளா அரிஞ்சு உப்பு அடச்சு மச்சில காயப்போட்டு எடுத்தது, வாயில துணி கட்டி அவங்களே முடிச்சுப் போட்டது. அந்த முடிச்ச எட்டு மாசமா நான் அவுக்கல. தினமும் ராத்திரி அதத் தொட்டுப் பாக்கேன், அங்கன இருக்கான்னு. தொட்டுட்டு சும்மா வர முடியல, பக்கத்துல இருக்கத எடுத்துத் திங்கேன். இது இப்படித்தான் நடக்குன்னு நேத்து வர எனக்கே தெரியாது. எழுதையில அழுவ வருது.

அண்ணாச்சி, ரத்தம் குடுத்தேன். வெறும் வயித்துல 112.

மேலப்பாளையம் பிள்ளை:
அக்கா, 100ல இருந்து 125 வர எச்சரிக்கைக் கோடு, 126 ஆனாத்தான் சுகர்னு சொல்லுவாவ, அதுவும் இன்னொரு தடவை பாத்து உறுதி பண்ணிட்டு. திரும்பி வருத எடத்துலதான் நிக்கீங்க. ஆனா அதுக்காக இன்னும் பட்டினி கெடந்துராதீங்க, காலையில கண்டிப்பா எதாவது சாப்பிடுங்க, அண்ணாச்சியோட ரெண்டு இட்லியக் காலையில வச்சிக்கிடலாம். 4,999 கட்டாண்டாம். டெலி மானஸ்னு மனசு கஷ்டத்தப் பேசதுக்கு அரசாங்க நம்பர் இருக்கு, 14416, காசு கெடையாது, தமிழ்லயே பேசலாம். நேர்ல பாக்கணும்னா ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரில மனநலப் பிரிவுல காட்டுங்க, அங்க போனா கிறுக்குன்னு அர்த்தமில்ல.

கொக்கிரகுளம் அண்ணாச்சி:
112ஆ. எனக்கு மொத மொத பாத்தப்ப 240. நீ தப்பிச்ச தாயி. நான் சொன்னதுல இருந்து எறங்கி வரல, வீட்ல பண்டம் வைக்காத, அவ்வளவுதான். அந்த நம்பருக்கு வேணும்னா பேசு, காசு இல்லையாம்லா.

இட்லிப்பானை:
மவளே, எட்டு மாசமாத் தொறக்கலேன்னா உள்ள எப்படி இருக்கோ. அம்ம போட்டது பூத்துப் போயி வீணாப் போனா அது இன்னும் வருத்தம். பகல்ல, வெளிச்சத்துல, உம் மகளப் பக்கத்துல வச்சிக்கிட்டு அவுத்துப் பாரு. மேல வெள்ளையா இருந்தா பயந்து கொட்டிராத. பஞ்சு மாதிரி இருந்தா பூஞ்சை. தொட்டா நறநறங்கும்னா உப்புதான்.

ராத்திரி அடுக்களை:
இன்னைக்கு கடைக்கு லீவு போட்டேன் ஆச்சி. பதினோரு மணிக்கு, பகல் பதினோரு மணிக்கு, மகதான் முடிச்ச அவுத்தா, எனக்குக் கை வரல. மேல வெள்ளையாத்தான் இருந்துச்சு. நறநறங்குது. மோருஞ்சோறு பெசஞ்சு ஆளுக்கு ஒரு துண்டு வச்சு உக்காந்து தின்னோம், மக "ஆச்சி உப்பக் கூடப் போட்டுட்டா"ன்னா. இன்னும் ஆறு துண்டுதான் இருக்கு.

ராத்திரி என்ன ஆவும்னு தெரியல.

இட்லிப்பானை:
ஆறு துண்ட எண்ணிக்கிட்டு இருக்காத. புதுசு போடு. அரியதுக்குப் பக்குவம் நான் சொல்லித் தாரேன், அடி ஒட்டியிருக்கணும், பூரா அறுத்துரப்புடாது.

கொக்கிரகுளம் அண்ணாச்சி:
உப்பு விசயம், பிரஷரையும் ஒரு தடவ பாத்துக்கோ தாயி. எங்க வீட்டுக் கொல்லையில நார்த்தை மரம் நிக்கி, காயி சும்மாதான் விழுது. எத்தன வேணும்னு சொல்லு.