செலினியம்-75 போட்டா ஜெல்ல தெரியுற பேண்ட் எல்லாம் செலினோபுரோட்டீன்தானா?

கதிர்_லேப்:
வணக்கம் மக்களே, பிஎச்டி ரெண்டாவது வருஷம். ஹெப்ஜி2 (மனுஷ லிவர் கேன்சர் செல்) செல்லுக்கு செலினியம்-75, அதாவது கதிர்வீசுற செலினியம் உள்ள செலினைட் உப்பு போட்டு ஒரு நாள் விட்டு, லைசேட் (செல்லை உடைச்ச சாறு) எடுத்து, புரோட்டீனை சைஸ் வாரியா பிரிக்கிற எஸ்டிஎஸ் ஜெல் ஓட்டி, கதிர்வீச்சு எங்க இருக்குன்னு படம் காட்டுற பாஸ்பர் இமேஜர்ல பாத்தேன். 55 கிலோடால்டன் பக்கம் ஒண்ணு நல்லா பளிச்சுன்னு, 25க்கு கொஞ்சம் கீழ ஒண்ணு, அப்புறம் 20, 15 கிட்ட மங்கலா ரெண்டு. மனுஷனுக்கு 25 செலினோபுரோட்டீன் (செலினோசிஸ்டீன்ற செலினியம் உள்ள அமினோ அமிலம் சேர்ந்த புரோட்டீன்) ஜீன் இருக்குன்றாங்க, மிச்சமெல்லாம் எங்க? அடுத்து செலினியம் கம்மியான தீனி தின்ன எலியையும் சாதா தீனி எலியையும் கம்பேர் பண்ணணும். இவ்வளவு கஷ்டப்படாம, ஆன்டிபாடி வச்சு புரோட்டீனை காட்டுற வெஸ்டர்ன் பிளாட்டே போதாதா?

மீனா_பயோகெம்:
நீங்க சொல்ற பேட்டர்ன் சரியாத்தான் இருக்கு. 55 பெரும்பாலும் தையோரிடாக்சின் ரிடக்டேஸ் 1, 25க்கு கீழ ஜிபிஎக்ஸ்1 (ஜிபிஎக்ஸ்னா குளுட்டாதயோன் பெராக்சிடேஸ் என்சைம்), 20 ஜிபிஎக்ஸ்4, 15 செலினோஎஃப்னு இன்னொரு செலினோபுரோட்டீன். மத்ததெல்லாம் ரொம்ப கம்மியா இருக்கும், இல்ல இந்த செல் அதை செய்யவே செய்யாது, இல்லாட்டி பெரிய பேண்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கும். செலினோபின்ற செலினோபுரோட்டீன் ஹெப்ஜி2ல வெளிய சுரக்குற புரோட்டீன், அதனால மீடியத்தையும் ஒரு லேன்ல ஓட்டிப் பாருங்க.

ஆனா சைஸ மட்டும் வச்சு பேர் எழுதிடாதீங்க, எஸ்ஐஆர்என்ஏ (ஒரு ஜீனோட வேலையை அடக்குற சின்ன ஆர்என்ஏ) வச்சு அந்த ஜீனை குறைச்சா அந்த பேண்ட் மட்டும் மங்கணும், அதுதான் ஆதாரம். செலினைட் புரோட்டீன்ல இருக்குற சிஸ்டீன் அமினோ அமிலத்தோட சும்மாவும் ஒட்டிக்கும், அதனால சாம்பிள் பஃபர்ல டிடிடி (அந்த ஒட்டை உடைக்கிற கெமிக்கல்) தாராளமா போட்டு கொதிக்க வைங்க, அப்படி ஒட்டினது கழண்டு டை ஃப்ரண்டோட (ஜெல்லோட அடிக்கு முன்னாடி ஓடுற சாயக் கோடு) ஓடிரும். கூடவே புரோட்டீன் உருவாகுறதை நிறுத்துற சைக்ளோஹெக்சிமைடு போட்ட கண்ட்ரோல் ஒண்ணு வைங்க, புரோட்டீன் சிந்தசிஸ் நின்னா பேண்டும் போகணும். செலினோமெத்தியோனைன் லேபிள் பக்கம் போகவே வேணாம், மெத்தியோனைன் இருக்குற எல்லா இடத்துலயும் அது போய் உக்காந்துக்கும்.

தென்றல்77:
வெஸ்டர்ன் ஏன் போதாதுன்னா, ரிடக்டேஸ் 1ல செலினோசிஸ்டீன் கடைசிக்கு முந்தின இடத்துல இருக்கு. செலினியம் இல்லாம யுஜிஏல (வழக்கமா 'நிறுத்து'ன்னு அர்த்தம், இங்க செலினோசிஸ்டீனை சேர்க்கச் சொல்ற குறியீடு) ரைபோசோம் நின்னுட்டாலும் ரெண்டே ரெண்டு அமினோ அமிலம்தான் குறையும், சைஸ்ல வித்தியாசமே தெரியாது, வேலை செய்யாத என்சைமையும் ஆன்டிபாடி சந்தோஷமா புடிச்சு காட்டிரும். லேபிள் போட்டாத்தான் உண்மையிலயே செலினியம் உள்ள போச்சான்னு தெரியும். 1996ல தமுரா, ஸ்டாட்மன் ரெண்டு பேரும் நுரையீரல் கேன்சர் செல்லுல இந்த என்சைம் செலினோபுரோட்டீன்னு கண்டுபுடிச்சதே செலினியம்-75 லேபிள் பண்ணித்தான்!

சுந்தர்_போஸ்ட்டாக்:
எலி கம்பேரிசன் பத்தி கட்டாயம் சொல்லணும், நிறைய பேர் ரிசல்ட்டை தலைகீழா படிக்கிற இடம் இதுதான். சாதா தீனி எலி உடம்புல சாதாரண செலினியம் ஏற்கனவே நிறைய இருக்கு, நீங்க ஊசியில போடுற 75 அதுல கரைஞ்சு போயிரும். குறைபாடு உள்ள எலியில போட்டியே இல்ல, கிடைச்சதை விடாம புடிச்சு வச்சுக்கும். அதனால புரோட்டீன் கம்மியா இருந்தும் அந்த எலியோட பேண்ட் கூட பளிச்சுன்னு வரலாம், அதைப் பாத்து "குறைபாட்டுல செலினோபுரோட்டீன் கூடுது"ன்னு எழுதினா முழுத் தப்பு. பெர்லின்ல பேனெ குழு 1988ல குறைபாடு எலிகளை வேணும்னே எடுத்ததுக்கு காரணமும் இதேதான், சின்ன பேண்டும் நல்லா தெரியும், புதுப்புது செலினோபுரோட்டீன் இருக்குன்னு அப்படித்தான் பாத்தாங்க. தைராய்டு ஹார்மோனை ஆக்டிவேட் பண்ற டைப் 1 டீஅயோடினேஸ், அந்த 27 கிலோடால்டன் பேண்டும் இந்த வழியில வந்ததுதான்.

அதனால ரெண்டு தீனியை ஒப்பிட ஜிபிஎக்ஸ் ஆக்டிவிட்டியும், ஐசிபி-எம்எஸ்ல (தனிமங்களை அளக்குற மெஷின்) மொத்த செலினியமும் கூட அளந்துடுங்க. ஒரே தீனியில நாக்அவுட்டும் (ஒரு ஜீனை நீக்குன எலி) நார்மலும்னா பேண்டை அதிக பயமில்லாம ஒப்பிடலாம். ஊசி போட்டு 48 மணி நேரம் கழிச்சு லிவர், கிட்னி, டெஸ்டிஸ் எடுங்க. டெஸ்டிஸ்ல ஜிபிஎக்ஸ்4 அள்ளிக்கிட்டு வரும்.

கதிர்_லேப்:
கரையுற விஷயம் எனக்கு தோணவே இல்ல, ரொம்ப நன்றி. எங்க லேப்ல பி-32க்கு (பீட்டா கதிர்வீசுற பாஸ்பரஸ்) வச்சிருக்குற அக்ரிலிக் ஷீல்டு இருக்கு, அது போதுமா?

சுந்தர்_போஸ்ட்டாக்:
போதாது தம்பி. இது காமா, ஈயம் வேணும். அரை ஆயுள் 120 நாள், பத்து அரை ஆயுள்னு வச்சா கழிவை மூணு வருஷத்துக்கு மேல பூட்டி வைக்கணும். எலி மூத்திரம், கூண்டுத் தூள் எல்லாம் அந்தக் கணக்குலதான். ஊசி போடுறதுக்கு முன்னாடியே ரேடியேஷன் சேஃப்டி ஆபீசர்கிட்ட இடம் கேட்டு வாங்கிருங்க.