கருமணல் கடற்கரைக்கு எந்த மெட்டல் டிடெக்டர்?

பொழுதுபோக்குக்காக முதல் மெட்டல் டிடெக்டர் வாங்கப் போகிறேன். ஊர் மணவாளக்குறிச்சிப் பக்கம். இங்கே கடற்கரையில் வலுவான காந்தத்தைக் காட்டினால் இல்மனைட் (கருமணலில் உள்ள இரும்பு, டைட்டானியத் தாது) துகள்கள் மயிர்போல் சிலிர்த்து ஒட்டிக்கொள்கின்றன. இதில் உப்பு ஈரமும் சேர்ந்தால், ஒற்றை அதிர்வெண் கருவி ஒன்றுமில்லாமலே கத்துமாம்.

மைன்லேப் வான்குவிஷ் 340 பல அதிர்வெண்களில் இயங்கும். ஆனால் மண்ணின் தாதுக்களால் வரும் பொய்ச் சத்தத்தை அடக்கும் 'கிரவுண்ட் பேலன்ஸ்' அமைப்பைக் கையால் திருத்த வழியில்லை. நோக்டா சிம்ப்ளெக்ஸில் அது உண்டு, அதிர்வெண்ணோ ஒன்றுதான். விட்டுவிட்டு மின்துடிப்புகளை அனுப்பும் பல்ஸ் வகைக் கருவி கருமணலைத் தாங்கும். ஆணிக்கும் மோதிரத்துக்கும் வித்தியாசம் சொல்லாது. துருப்பிடித்த ஆணி தோண்டி முதுகொடிய நான் தயாரில்லை!

புதையல் ஆசையும் இல்லை. 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும் என்ற 1878ஆம் ஆண்டுச் சட்டம் தெரியும். கருமணலில் கருவி பிடித்துப் பழகியவர்கள் சொல்லுங்கள்: எதை வாங்கலாம்?