அரங்கம் காலியாகும் நேரத்தில் நீங்கள் கேட்டது எது? – மார்கழி சீசன் அனுபவங்கள்

கடைசி வரிசை:
சென்னையில சங்கீத சபாக்கள் அட்டவணை விட ஆரம்பிச்சாச்சு. நவம்பர் நடுவிலேயே சில இடங்களில் கச்சேரி தொடங்கிடும். டிசம்பர் 15 தாண்டினா மயிலாப்பூர், தி.நகர், ஆழ்வார்பேட்டை, பாரிமுனைன்னு எங்கே போறது, எதை விடறதுன்னே தெரியாது. சாயங்காலக் கச்சேரிக்கு யாருக்கு டிக்கெட் கிடைச்சுது, யாருக்குக் கிடைக்கலைங்கிற பேச்சு எல்லா இடத்திலும் ஓடும். இங்கே அது வேண்டாம். கூட்டம் எழுந்து போற நேரத்தில், இல்ல கூட்டமே வராத நேரத்தில், நீங்க உட்கார்ந்து கேட்டது எது? அதைச் சொல்லுங்க.

நானே ஆரம்பிக்கிறேன். பல சபாக்களில் பகல் கச்சேரிக்கு டிக்கெட் கிடையாது. அதனாலேயோ என்னவோ, மதிப்பும் கிடையாது. பன்னிரண்டு மணிக் கச்சேரி ஒண்ணு. முன்வரிசையில் பாடகியின் குரு, அவருக்குப் பக்கத்தில் அம்மா மாதிரி ஒருத்தர், நடுவில் ஏசிக்காக வந்து தூங்கிக்கிட்டிருந்த ரெண்டு பேர், பின்னால நான். அந்தப் பொண்ணுக்கு இருந்ததே ஒன்றரை மணி நேரம். வழக்கமா இந்த நேரத்துக்குள்ள வர்ணம், ரெண்டு மூணு சின்னக் கீர்த்தனை, ஒரு பெரிய ராகம், தாள வாத்தியக்காரங்க மட்டும் வாசிக்கிற தனி, கடைசியில சின்னப் பாட்டுகளான துக்கடான்னு எல்லாத்தையும் அடைச்சு முடிப்பாங்க. இவங்க வர்ணத்துக்கு அப்புறம் ஒரே ஒரு கீர்த்தனை பாடிட்டு நேரா பேகடாவுக்கு வந்துட்டாங்க.

பேகடா அவசரத்தில் பாடக்கூடிய ராகம் இல்லை. அந்த மத்யமத்தைச் சரியான இடத்தில் அசைச்சு நிறுத்தணும், நிஷாதத்தைக் கொஞ்சம் இறக்கித் தொடணும், நடுநடுவில் மௌனம் வேணும். பாதி ஆலாபனையில் திரைக்குப் பின்னால அடுத்த கச்சேரிக்காரங்க சுருதி சேர்க்க ஆரம்பிச்சாங்க, அதுவும் வேற சுருதியில். இந்தப் பொண்ணு கண்ணைத் திறக்கலை. வயலின்காரர் மட்டும் பின்னால திரும்பி ஒரு பார்வை பார்த்தார். சாயங்காலம் அதே மேடையில் பெரிய வித்வான் ஒருத்தர் பாடினார், நிற்க இடமில்லை. நல்லாத்தான் இருந்தது. ஆனா என்ன பாடினார்னு இப்போ கேட்டா யோசிக்கணும்.

தொப்பியும் வலந்தலையும்:
அண்ணா, இந்தக் கேள்விக்கு எங்க ஆளுங்களை விட்டா யார் பதில் சொல்லுவா? நான் மிருதங்கம் கத்துக்கறேன். கச்சேரியில் தனி ஆவர்த்தனம்னாலே கேன்டீனுக்குப் போற மணி அடிச்சதா அர்த்தம். மேடையில உட்கார்ந்து பார்த்தா அது எப்படி இருக்கும் தெரியுமா? பாடகர் கையால "வாசிங்கோ"ன்னு சொல்றார், மிருதங்கத்தோட வலது பக்கமான வலந்தலையில முதல் சொல் விழறதுக்குள்ள இருட்டில் நாற்காலிகள் படபடன்னு மடங்குற சத்தம்.

என் குருநாதர் பக்கவாத்யம் வாசிச்ச ஒரு கச்சேரி. நான் பின்னால உட்கார்ந்திருந்தேன். கச்சேரிக்கு முன்னாடி இடது பக்கமான தொப்பியில ரவையைப் பிசைஞ்சு அப்பினது நான்தான். ரவை கூடினா நாதம் மந்தமாயிடும், குறைஞ்சா கும்கிங்கிற இழுவை நாதம் வராது. பக்குவம் கைக்குத்தான் தெரியும். ஏசி அரங்கத்தில் தோல் ஒரு நிலையில் நிற்காது. பாட்டுக்குப் பாட்டு சின்னக் கல்லால மிருதங்கத்தோட விளிம்பைத் தட்டித் தட்டி சுருதிக்குக் கொண்டுவந்துக்கிட்டே இருந்தார். கஞ்சிராக்காரர் தோலின் உட்புறம் தண்ணி தடவிக்கிட்டே இருந்தார். கடம் வாசிக்கிறவருக்கு இந்தக் கஷ்டமே வேற. பானையோட சுருதியை மேடையில வெச்சு மாத்த முடியாது, அதனால வேற வேற சுருதியில் கடம் தூக்கிக்கிட்டு வரணும்.

அன்னிக்கு மிஸ்ர சாபு தாளத்தில் பிரதான கீர்த்தனை. தனி விட்டாங்க, பாதி அரங்கம் காலி. குருநாதர் அதைக் கண்டுக்கலை. முதல் சுற்றில் ஏழு அட்சரத்தை நிதானமா காட்டினார், கூட இருக்கிறவங்க கையில தாளம் போட்டுப் பார்த்துக்கிற மாதிரி. அப்புறம் மிருதங்கமும் கஞ்சிராவும் மாறி மாறி வாசிச்சாங்க. அதுக்கப்புறம் குறைப்பு. ஒருத்தர் வாசிக்கிற அளவைப் பாதியாக்க, மத்தவர் அதை இன்னும் பாதியாக்க, கடைசியில ஒரே சொல்லைத் தூக்கித் தூக்கிப் போடற அளவுக்கு வந்தது. மூணாவது வரிசையில ஒரு பெரியவர் விரலை விட்டு எண்ணிக்கிட்டே இருந்தார், எழுந்து போகலை. முத்தாய்ப்பான கோர்வை மூணு தடவை வந்து, பாட்டு தொடங்குற இடமான எடுப்பில் போய் உட்கார்ந்தப்போ பாடகர் அந்த வரியை எடுத்தார் பாருங்க, அந்தப் பெரியவர் தொடையைத் தட்டின சத்தம் மேடை வரைக்கும் கேட்டுது. கேன்டீன்ல இருந்தவங்களுக்கு அந்த இடம் கிடைக்கவே இல்லை. திரும்பி வந்து உட்காரும்போது துக்கடா ஓடிக்கிட்டிருந்தது.

இன்னொண்ணு. மியூசிக் அகாடமி தொடங்கினது 1928. மிருதங்க வித்வானுக்கு அவங்க சங்கீத கலாநிதி விருது வந்தது 1966இல், பாலக்காடு மணி ஐயருக்கு. அவர்தான் முதல் ஆள், அதுக்கே முப்பத்தெட்டு வருஷம் ஆச்சு. ரசிகர் எழுந்து போறது புதுசா வந்த பழக்கம் இல்லைன்னுதான் எனக்குத் தோணுது.

மந்தைவெளி மாமி:
குழந்தே, தனி வந்தா எழுந்து போறவாளையெல்லாம் திட்டறேளே, எங்க முட்டியைக் கேட்டேளா? ரெண்டு மணி நேரம் ஒரே நாற்காலி, இடைவேளை கிடையாது. அறுபது வயசுக்கு மேல ஒருத்தருக்கு எப்போ எழுந்துக்கறது? பல்லவி நடுவுல எழுந்துண்டா பக்கத்து சீட்டுக்காரர் முறைக்கறார். ராகம் பாடறச்சே எழுந்தா பாடகரே பாக்கறார். அதனாலதான் தனியில எழுந்துக்கறோம். சபாக்காரா ஒரு அஞ்சு நிமிஷம் இடைவேளை விட்டா இந்தப் பேச்சே வராது.

ஆனா நீ சொன்னதுல நியாயம் இருக்கு. என் ஆத்துக்காரர் இருந்த வரைக்கும் தனிக்கு என்னை எழுந்துக்க விட மாட்டார். வலது கையால தாளம் போட்டுண்டே இடது கையால என் புடவைத் தலைப்பைப் பிடிச்சுப்பார்.

எனக்குக் கூட்டமில்லாத நேரம்னா விடியக்காலம்தான். மயிலாப்பூர் மாட வீதியில மார்கழி பஜனை. பாபநாசம் சிவனே முன்னாடி நின்னு நடத்தின வழக்கம் அது. மைக் கிடையாது, பக்கவாத்யம்னு தனியா ஒண்ணும் கிடையாது, ஜால்ராவும் தொண்டையும்தான். சுருதி விலகினாலும் நடந்துண்டே சேத்துக்கலாம். பனியில தொண்டை கட்டிண்டு பாடற அழகு எந்த ஏசி ஹாலுக்கும் வராது. காது மூடின மப்ளரோட கேக்கறவாதான் பாவம்.

சீவாளி:
அண்ணே, எல்லாரும் கச்சேரி நடுவுல காலியாறதைப் பத்திப் பேசறீங்க. எங்களுக்கு ஆரம்பமே காலிதான்.

நான் கும்பகோணம் பக்கம். பெரியப்பா நாகஸ்வரம். சீசன்ல சபாவுக்குச் சபா துவக்க நாள்ல நாகஸ்வரம் வைக்கிறது மரபு. "மங்கள இசை"ன்னு அழைப்பிதழ்ல போட்டிருப்பாங்க. அந்த நேரம் வாசல்ல பூ கட்டிக்கிட்டிருப்பாங்க, உள்ளே மைக்காரர் வயரை இழுத்துக்கிட்டிருப்பார், தலைமை விருந்தினர் இன்னும் வழியில இருப்பார். அவர் கார் வந்ததும் யாராவது ஓடிவந்து "முடிச்சுக்கங்க"ன்னு கை காட்டுவாங்க. ஒரு சபாவுல பெரியப்பா கரகரப்ரியாவை அப்பத்தான் விரிச்சு மேல் ஷட்ஜத்துக்குப் போயிருந்தார். கை காட்டினாங்க. அவர் நிறுத்தலை. இறங்கி வந்து முடிக்கிற வரைக்கும் விருந்தினர் வாசல்லயே நிக்க வேண்டியதாப் போச்சு. அடுத்த வருஷம் அந்தச் சபாவுல கூப்பிடலை, அது வேற கதை.

நரசிங்கம்பேட்டையில ஆச்சா மரத்துல கடைஞ்ச வாத்தியம் அது. 2022இல் புவிசார் குறியீடு கிடைச்சுது. மரம் ஒரு பக்கம், உயிர் சீவாளியிலதான். வாயில வெச்சு ஊதுற, நாணல்ல செஞ்ச அந்தச் சின்னத் துண்டை எச்சில்ல நனைச்சு, பதம் பார்த்து, ஒண்ணு சரியில்லைன்னா அடுத்ததை மாட்டி... வாத்தியத்துல நூல்ல கட்டித் தொங்குற உபரிச் சீவாளிகளை அழகுக்குன்னு நினைச்சுக்கிட்டிருக்கிறவங்க நிறைய பேர். ஏசி காத்துல அது சட்டுன்னு காய்ஞ்சுடும். திறந்த வெளிக்குன்னு பிறந்த வாத்தியத்தை மூடின அறைக்குள்ள, அதுவும் மைக்குக்குப் பக்கத்துல உட்கார வெச்சுட்டு, "சத்தம் ஜாஸ்தி"ன்னு சொல்றாங்க. மைக்கை எடுத்துட்டுக் கேளுங்கண்ணே. அரங்கத்துல பாதி தூரம் தள்ளி உட்காருங்க. தவில்காரர் வலது கை விரல் கூடு மாட்டி உருட்டுறதும், இடது கைக் கழியால அடிக்கிறதும் தனித்தனியாப் பிரிஞ்சு கேக்கும்.

நாகஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளை வாசிச்ச தோடின்னு எல்லாரும் சொல்றாங்க. இன்னொரு நாகஸ்வர வித்வான் ஷேக் சின்ன மௌலானாவுக்கு 1998இல் சங்கீத கலாநிதி கொடுத்தாங்க. மதிப்பு இல்லைன்னு சொல்ல மாட்டேன். கூட்டம் வர்ற மாலை ஆறரை மணி மட்டும் கொடுக்க மாட்டேங்கிறாங்க.

அடிக்குச்சி:
தோழர்களே, எங்க பக்கத்துக் கச்சேரியில யாரும் எழுந்து போறதில்ல. ஏன்னா யாரும் உட்கார்றதே இல்ல.

சீசன்னா சபா மட்டும்னு நினைக்காதீங்க. ஊரூர் ஆல்காட் குப்பத்துல 2015இல் ஒரு விழா ஆரம்பிச்சாங்க. கடற்கரை மணல்ல கர்நாடக சங்கீதமும் பறையும் ஒரே மேடையில. அப்புறம் 2020இல் நீலம் பண்பாட்டு மையம் "மார்கழியில் மக்களிசை" தொடங்கிச்சு. கானா, ஒப்பாரி, பறை, ராப் எல்லாம். ஒப்பாரிய மேடையில கேக்கும்போது கை தட்டுறதா வேணாமான்னு கூட்டத்துக்கே தெரியல. ஒரு அக்கா பாடி முடிச்சாங்க. கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. பின்னாடி ஒருத்தர் விசில் அடிச்சாரு, அப்புறம்தான் எல்லாரும் தட்டினாங்க. அந்த விசில் தப்பான்னு இன்னி வரைக்கும் எனக்கும் என் தம்பிக்கும் சண்டை. சாவு வீட்டுலயே கானா பாடி விசில் அடிக்கிற ஊரு இது, அதுல என்ன தப்புங்கிறான் அவன்.

மிருதங்கத் தம்பி தோல் பத்தி சொன்னாரே, எங்க கதையக் கேளுங்க. கடல் காத்துல பறைத் தோல் தொய்ஞ்சு போயிடும். மேடைக்குப் பின்னாடி தீ மூட்டி, பறையச் சுத்திச் சுத்திக் காட்டிக் காய்ச்சணும். ரொம்பக் காட்டினா தோல் கிழிஞ்சிரும். அடிச்சுப் பார்த்து, சத்தம் 'கணீர்'னு வந்ததும் ஓடணும், மேடை ஏறுறதுக்குள்ள பாதி சூடு போயிரும். சபா அரங்கத்துல தீ மூட்ட விடுவாங்களா? அதனாலதான் சில இடத்துல பிளாஸ்டிக் தோல் போட்ட பறையக் கொண்டுபோறோம். சத்தம் வரும். அந்த அதிர்வு நெஞ்சுல வந்து விழாது.

கடைசி வரிசை:
அடிக்குச்சி, தம்பி பக்கம்தான் நான். அந்த அக்கா என்ன நினைச்சாங்கன்னு கேட்டீங்களா?

அடிக்குச்சி:
கேட்டேன். சிரிச்சாங்க. "எங்க ஊருல அழுதுதான் காசு குடுப்பாங்க, இங்க விசிலடிச்சுக் குடுக்குறாங்க"ன்னாங்க.

கொல்லிப்பண்:
பாரிமுனை ராஜா அண்ணாமலை மன்றத்தை யாரும் சொல்லவில்லையே! அங்கே கச்சேரி நடத்தும் தமிழிசைச் சங்கம் 1943இல் தோன்றியது, மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு இடமில்லை என்ற குறையில். மாலைக் கச்சேரிகளுக்கு ஆட்கள் வருவார்கள். காலையில், பழந்தமிழ் இசையின் ராகங்களான பண்களைப் பற்றி நடக்கும் பண் ஆராய்ச்சிக்குத்தான் வரமாட்டார்கள். கோயிலில் தேவாரம் பாடும் ஓதுவார் ஒருவர் தக்கேசிப் பண் பாடினார். கேட்டதும் காம்போதி என்று காது சொல்லிவிட்டது. பிறகு மேகராகக்குறிஞ்சி, அது நீலாம்பரி. இதுவரை யாருக்கும் சிக்கல் இல்லை. அடுத்து வேறொரு பண்ணுக்கு எந்த ராகம் என்று பேச்சு எழுந்ததும் இரண்டு முதியவர்கள் எழுந்து நின்று வாதாட ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவர் பாடிக் காட்டினார், மற்றவர் குறுக்கே புகுந்து அதே அடியை வேறு விதமாகப் பாடினார். ஓதுவார் புன்னகையோடு இருவருக்கும் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். தலைமை வகித்தவர் நேரமாகிறது என்று மணியடித்தும் பயனில்லை. எனக்கு அந்தச் சண்டையை விடச் சிறந்த கச்சேரி அந்த சீசனில் அமையவில்லை.

ஒருநாள் விருந்தாளி:
படிச்சுக்கிட்டே வந்தேன். பெங்களூர்லேர்ந்து வர்றேன், டிசம்பர் கடைசி வாரத்தில் ஒரே ஒரு நாள் லீவு. சங்கீத ஞானம் பூஜ்யம். எங்கே போனா சரியா இருக்கும்?

மந்தைவெளி மாமி:
விடியக்காலம் மாட வீதிக்கு வா. ஞானம் வேண்டாம், ஸ்வெட்டர் போதும். முடிஞ்சதும் காபி என் ஆத்துல.

கடைசி வரிசை:
காலையில மாமி சொன்னது. எட்டு மணி வாக்கில் மியூசிக் அகாடமியில் விளக்கவுரை இருக்கும், ஞானம் இல்லைன்னு பயப்பட வேண்டாம், பாடிக் காட்டித்தான் பேசுவாங்க. பன்னிரண்டு மணிக்கும் ரெண்டு மணிக்கும் பேர் தெரியாத யார் கச்சேரிக்காவது போங்க, முன்வரிசையில் உட்காருங்க, மேடையில இருக்கிறவங்களுக்கும் ஒரு முகம் தெரியட்டும். சாப்பாடு சபா கேன்டீன்ல, பன்னிரண்டு மணிக் கச்சேரி முடிஞ்ச கையோட. சாயங்காலம் டிக்கெட் இல்லைன்னா கவலைப்படாதீங்க, கடற்கரைப் பக்கம் மக்களிசை ஏதாவது அந்த வாரம் இருக்கான்னு அடிக்குச்சி சொல்லுவார்.

தொப்பியும் வலந்தலையும்:
எந்தக் கச்சேரிக்குப் போனாலும் தனிக்கு உட்காருங்க அண்ணா. தாளம் புரியலைன்னா பாடகர் கையைப் பாருங்க, அவர் எண்ணிக்கிட்டிருப்பார்.

அடிக்குச்சி:
தேதி இன்னும் முடிவாகல. தெரிஞ்சதும் இங்கயே போடுறேன். செருப்பு மட்டும் பழசா போட்டுட்டு வாங்க, மணல்.