ரியூனியன் தீவு: சிலாவோஸ் 1965 வரை ஏன் தனி கம்யூன் ஆகவில்லை?

வரைபடப்பிரியன்:
இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரியூனியனின் வரைபடத்தில் பித்தோன் தே நேழ் சிகரத்தைச் சுற்றி மூன்று பெரிய மலைக்குழிகள் இருக்கின்றன: சாலாசி, மாஃபாத், சிலாவோஸ். சாலாசி 19-ஆம் நூற்றாண்டிலேயே தனி கம்யூன், அதாவது பிரெஞ்சு முறை நகராட்சி. சிலாவோஸ் 1965-ல்தான் கீழே கடற்கரையில் உள்ள சென்-லூயியிலிருந்து பிரிந்தது. மாஃபாத்துக்கு இன்றும் சொந்த நகராட்சி இல்லை. ஏன் இந்த வித்தியாசம்? இன்னொரு சந்தேகம்: ஒரே நாளில் அதிக மழை பெய்த உலக சாதனை சிலாவோஸுக்கு என்று பழைய பொது அறிவுப் புத்தகங்களில் இருக்கிறது. அவ்வளவு மழையில் திராட்சையும் பருப்பும் எப்படி விளைகின்றன?

கருங்கல்:
எல்லாம் வழியைப் பொறுத்தது. சாலாசிக்குக் கிழக்குக் கடற்கரையிலிருந்து ஆற்றோரமாகவே ஏறிவிடலாம், அதனால் சாலை சீக்கிரம் வந்தது. சிலாவோஸ் மூன்று பக்கமும் செங்குத்துச் சுவர். தண்ணீர் வெளியேற தெற்கே ஒரே ஓர் இடுக்கு, பிரா தெ சிலாவோஸ் ஆறு அறுத்தது. மோட்டார் சாலை 1932-ல்தான் திறந்தார்கள். அதுவரை வசதியுள்ளவர்களை நாற்காலியில் உட்கார வைத்துக் கூலியாட்கள் தோளில் சுமந்தார்கள். வெந்நீர் ஊற்று 1815-லேயே தெரியவந்து, பின்னாளில் நோயாளிகள் இப்படித்தான் மேலே போனார்கள்.

அந்தச் சுவர்தான் முதல் குடிகளையும் கொண்டுவந்தது. 18-ஆம் நூற்றாண்டில் தோட்டங்களிலிருந்து தப்பிய அடிமைகள் இங்கே ஒளிந்தார்கள். பிரான்சுவா முசார் போன்றவர்கள் ஆள் திரட்டி அவர்களை வேட்டையாடினார்கள். 19-ஆம் நூற்றாண்டில் கடற்கரையில் நிலமில்லாத ஏழை வெள்ளையர் ஏறிவந்தார்கள். பள்ளத்தாக்குகளுக்கு நடுவே மிஞ்சிய சமதளத் துண்டுகளில் குடியிருப்புகள்: இலே-அ-கோர்த், பிரா-செக், பால்மிஸ்த்-ரூழ். மாஃபாத்துக்கு இன்றும் சாலையே கிடையாது, நடை அல்லது ஹெலிகாப்டர். அதை சென்-போல், லா பொசெசியோன் என்ற இரண்டு கம்யூன்களும் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன.

மழைமானி:
1952 மார்ச் 15-16-ல் சிலாவோஸில் 24 மணி நேரத்தில் 1,870 மி.மீ. என்பதுதான் அந்தப் பழைய கணக்கு. ஆனால் எண் அதைவிடக் குறைவாக இருந்தாலும், உலக வானிலை அமைப்பின் இன்றைய பட்டியலில் சாதனை அதே தீவின் ஃபோக்-ஃபோக் இடத்துக்கு: 1966 ஜனவரி 7-8, 1,825 மி.மீ. புத்தகங்கள் இதை மாற்றவே இல்லை.

எப்படியானாலும் அது புயல் மழை. ஈரக்காற்று கிழக்கிலிருந்து வருகிறது, சாலாசி அதை முதலில் வாங்கிக்கொள்கிறது. சிலாவோஸ் காற்றுமறைவில் இருப்பதால் மே முதல் அக்டோபர் வரை வறண்டு, குளிராக இருக்கும். லென்டில் பருப்பை அந்தக் காலத்தில்தான் வளர்க்கிறார்கள், பெரும்பாலும் இலே-அ-கோர்தில். சின்னப் பருப்பு, கைவேலை அதிகம், ஆகவே விலையும் அதிகம். அறுவடையை மழைக்கு முன் முடிக்காவிட்டால் காய் செடியிலேயே கெட்டுவிடும்.

வரைபடப்பிரியன்:
நன்றி. தீவில் தமிழ் வம்சாவளியினர் அதிகம் அல்லவா? சிலாவோஸில் இருக்கிறார்களா?

கருங்கல்:
1848 டிசம்பர் 20-ல் அடிமை முறை ஒழிந்த பிறகு புதுச்சேரி, காரைக்கால் வழியாக ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் கரும்புத் தோட்டங்களுக்காக வந்தவர்கள். கரும்பு இருப்பது தாழ்வான கரையோரச் சரிவுகளில். அதனால் மல்பார் (தமிழ் வம்சாவளி இந்துக்களுக்குத் தீவில் உள்ள பெயர்) கோயில்களைப் பார்க்க வேண்டுமானால் சென்-அந்த்ரே, சென்-பியேர் பக்கம் போக வேண்டும்.

மழைமானி:
போகிறவர்களுக்கு: சென்-லூயியிலிருந்து 37 கி.மீ., 400-க்கும் மேல் வளைவுகள், ஒரு வண்டி மட்டுமே நுழையும் சுரங்கமும் உண்டு. ஒலி எழுப்பிவிட்டு நுழையுங்கள். கனமழைக்குப் பிறகு பாறை விழுந்து சாலை மூடப்படும், மாற்று வழி கிடையாது. ஜனவரி-மார்ச்சில் போனால் திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாளே கீழே இறங்கிவிடுவது நல்லது.

பித்தோன் தே நேழ் சிகரத்துக்கு (3,070 மீ.) லெ பிளோக் என்ற இடத்திலிருந்து, சுமார் 1,380 மீ. உயரத்தில், நடை தொடங்கும். முதல் நாள் 2,478 மீட்டரில் உள்ள தங்குமிடம், மறுநாள் விடியலுக்கு முன் உச்சி. பத்து மணிக்கெல்லாம் மேகம் ஏறிவிடும். ஜூலை, ஆகஸ்டில் மேலே உறைநிலைக் குளிர். மாஃபாத் போக இலே-அ-கோர்த் சாலையிலிருந்து தாயிபித் கணவாய், 2,081 மீ.; ஏற்றத்தை விட மறுபுறம் மாஃபாத்தின் மார்லா குடியிருப்புப் பக்கம் இறங்குவதுதான் முழங்காலைப் பதம் பார்க்கும்.