பெரிய வீட்டுச் சொந்தங்கள் (கார்த்தி கல்யாணம்)

புதன், காலை 6.05

மாமா உடுமலை: [ரோஜாப் பூ படம்] இனிய காலை வணக்கம்

சித்தப்பா: பெரிய அண்ணன் காரை நேற்று ராத்திரியே என் பவுடர் கோட்டிங் யூனிட்டுக்குக் கொண்டு வந்தாச்சு. லாரியில் ஏற்றித்தான் வந்தது. இன்ஜின் ஓடுகிறது, பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கிறது. நான்கு வீலையும் கழற்றிவிட்டேன். படம் பார்க்கவும்.

சித்தப்பா: [படம்] [படம்] [படம்]

அத்தை: இதென்னடா சொறி பிடித்த மாதிரி

சித்தப்பா: அதைத்தானுங்க அக்கா சொல்ல வந்தேன். மாப்பிள்ளை அழைப்புக்கு இந்த வண்டிதான் என்றால் வீலை இப்படியே விட முடியாது. என்ன ஃபினிஷ் என்று இன்றைக்கு ஒரு முடிவு சொல்லுங்கள். கல்யாணத்துக்கு 18 நாள்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை என் பவுடர் சுடுகிற அடுப்பு காலி. அதை விட்டால் ஒரு அபார்ட்மென்ட் கேட், கிரில் எல்லாம் வந்து உட்கார்ந்துவிடும்.

அப்பா: பெயிண்ட் அடித்தால் போதாதா

பிரவீன்: மாமா அது ஸ்போர்ட்ஸ் கார். கேட் இல்லை

அப்பா: 60 குதிரை

பிரவீன்: 60 குதிரைதான். ஆனால் கூரை இல்லாமல் இரண்டே சீட்

அத்தை: ஆமாம். சீட்டுக்கு ஒரு ஏக்கர் வீதம் போச்சு

அம்மா: அண்ணி, காலங்காத்தால வேண்டாங்க

அத்தை: நான் என்ன இல்லாததையா சொன்னேன்

காலை 8.40

பிரவீன்: டைமண்ட் கட் பண்ணலாம். ஸ்போக் முகம் கண்ணாடி மாதிரி, உள்பக்கம் அடர் சாம்பல். இப்போது ஷோரூமில் இருந்து வருகிற டாப் மாடல் எல்லாம் அதுதான். ரீல்ஸுக்கு கேப்ஷன்கூட எழுதிவிட்டேன். '1998ல் வந்த சான் ஸ்டார்ம், கோவாவில் செய்த ஃபைபர் பாடி, ரெனோ இன்ஜின், எங்கள் பெரிய மாமாவின் செல்லம்.'

மாமா உடுமலை: பவுன் விற்கிற விலையில் வைரம் வேறா

பிரவீன்: அப்பா அது வைரம் இல்லை. லேத்தில் வைர முனை வைத்த டூலால் சீவுவது

அத்தை: எவ்வளவு ஆகும்

அப்பா: தம்பி சும்மா செய்து தருவான்

சித்தப்பா: வீல் வேலை என் மொய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் டயர் நான்கும் மாற்ற வேண்டும். பக்கவாட்டில் 3211 என்று அச்சடித்திருக்கிறது. 2011ஆம் வருஷம் 32ஆவது வாரம் செய்தது என்று அர்த்தம். ரப்பர் வெடித்துக் கிடக்கிறது. அதை யார் வாங்குவது?

சித்தப்பா: அண்ணா, படித்துவிட்டீர்கள் என்று காட்டுகிறது

அம்மா: குளிக்கப் போயிருக்காருங்க தம்பி

காலை 11.50

திவ்யாக்கா: இப்போதுதான் எழுந்தேன். டைமண்ட் கட் வேண்டவே வேண்டாம். என் காரில் இருக்கிறது. இரண்டாவது குளிர்காலத்திலேயே மேலே பூசின லாக்கர் பூச்சுக்கு அடியில் வெள்ளைப் புழு ஊர்ந்த மாதிரி கோடு கோடாக வந்துவிட்டது. பனிக்கு இங்கே ரோட்டில் உப்புப் போடுவார்கள்.

பிரவீன்: பர்மிங்ஹாம்காரங்களே, காந்திபுரத்தில் யார் உப்புப் போடுகிறார்கள்

திவ்யாக்கா: மழை பெய்யாதா

அப்பா: பெய்தால்தானே

அத்தை: உப்பு என்றதும் ஞாபகம் வந்தது. ஊறுகாய் சமையல்காரர் கொண்டு வருகிறாரா, நாம் போட வேண்டுமா

அம்மா: கேட்டுச் சொல்கிறேங்க அண்ணி

அத்தை: போன கல்யாணத்தில் மாங்காய் ஊறுகாய் இரண்டாவது பந்திக்கே தீர்ந்துபோனது. யார் கல்யாணம் என்று நான் சொல்ல மாட்டேன்

சித்தப்பா: பிரவீன், கோபித்துக்கொள்ளாதே, விளக்கமாகச் சொல்கிறேன். எல்லோரும் பொறுமையாகப் படிக்கவும். டைமண்ட் கட் என்றால் முதலில் வீல் முழுக்கக் கலர் அடிப்பார்கள். அப்புறம் சிஎன்சி (கம்ப்யூட்டர் ஓட்டுகிற) லேத்தில் மாட்டி முகத்தை மட்டும் மெல்லிசாகச் சீவுவார்கள். சீவின இடத்தில் வெறும் அலுமினியம் மின்னும். அதற்கு மேல் நிறமில்லாத லாக்கர் ஒன்றுதான் காவல். சீவின ஓரம் கத்தி மாதிரி இருக்கும், அங்கே லாக்கர் தங்காமல் மெலிந்துவிடும். ஒரு ஜல்லி பட்டால் போதும், ஈரம் உள்ளே இறங்கி அடியில் வெள்ளையாகப் பூக்கும். உப்பு இருந்தால் சீக்கிரம், இல்லாவிட்டால் கொஞ்சம் மெதுவாக, அவ்வளவுதான் வித்தியாசம். பூத்த பிறகு அந்த இடத்தை மட்டும் தொட்டு ஒட்ட முடியாது. முழு முகத்தையும் மறுபடி சீவ வேண்டும். சீவச் சீவ உலோகம் குறையும், இரண்டு மூன்று தடவைக்கு மேல் ஆசைப்படக் கூடாது. இன்னொன்று கேளுங்கள். பெரிய அண்ணன் பார்க்கிங் போட்ட அழகு எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது வீல் விளிம்பில் எலி கடித்த மாதிரி அரை விரல் நீளம் காணோம். அதை ஆர்கான் வெல்டிங் வைத்துத்தான் நிரப்பப் போகிறேன். வெல்டிங் வைத்த இடத்தைச் சீவினால் நிறம் தனியாகத் திட்டுத் தெரியும். பெயிண்ட் பொடியைத் தூவி அடுப்பில் சுட்டு ஒட்டவைக்கிற பவுடர் கோட்டிங் போட்டால் யாருக்கும் தெரியாது. இந்த டிசைன் வீல் இனிமேல் தேடினாலும் கிடைக்காது, ஒன்று கெட்டால் நான்கும் போச்சு.

அப்பா: ம்

அத்தை: கண்ணாடி எங்கே வைத்தேனோ. பிரவீன், மாமா என்ன சொல்கிறார்

பிரவீன்: வேண்டாங்கிறார்

மதியம் 1.15

நான்: சித்தப்பா, கருப்பு போட்டால்?

அத்தை: கல்யாணத்துக்குக் கருப்பா. வாயைக் கழுவு

அப்பா: சிவப்பு வண்டிக்குக் கருப்புச் சக்கரம். சம்பந்தி எந்தக் கட்சி என்று தெரியும்தானே

மாமா உடுமலை: நடுவில் ஒரு வெள்ளைக் கோடு போட்டுவிட்டால் அவங்க கட்சியும் ஆச்சு

அம்மா: இந்தக் குரூப்பில் சம்பந்தியம்மா இருக்காங்களா??

மாமா உடுமலை: [இந்தச் செய்தி நீக்கப்பட்டது]

அப்பா: அது வேற குரூப் மச்சான். பயப்படாதீங்க

பிரவீன்: அப்படியானால் தங்கக் கலர். 1995ல் காலின் மெக்ரே உலக ராலி சாம்பியன் ஆனது தங்க வீல் போட்ட சுபாருவில்தான்

நான்: அது நீலக் கார் மச்சான்

அம்மா: சிவப்புக்குத் தங்கம் என்றால் அப்படியே கூறைப்புடவை. எது பொண்ணு எது காரு என்று தெரியாது

அத்தை: பாத்திரம் மாதிரி பளபள என்று குரோமியம் போடக் கூடாதா

சித்தப்பா: அலாய் வீலில் குரோம் உரிய ஆரம்பித்தால் பிளேடு மாதிரி நிற்கும் அக்கா. துடைக்கிறவன் கை கிழியும்.

அத்தை: எதைச் சொன்னாலும் ஒரு நொட்டை

சித்தப்பா: நொட்டை இல்லைங்க அக்கா, என் யோசனையைச் சொல்லவே விடவில்லை. பவுடர் கோட்டிங்தான். நிறம் இரண்டே இரண்டு. ஒன்று சாதா சில்வர், இன்னொன்று அடர் சாம்பல். சில்வரில் ஸ்போக்கின் வளைவு நெளிவு எல்லாம் வெயிலில் நன்றாகத் தெரியும். பிரேக் தூசி பட்டால் பழுப்பாகக் காட்டிக் கொடுக்கும், வாரம் ஒரு தடவை கழுவ வேண்டும். சாம்பலில் தூசி தெரியாது, ஆனால் தூரத்தில் இருந்து பார்த்தால் டயரோடு கலந்து இருட்டாகிவிடும். பளபளப்பில்லாத மேட் பூச்சு மட்டும் கேட்காதீர்கள். பொண்ணு வீட்டு வாசலில் ஆரத்தி எடுத்த கையோடு யாராவது ஒரு பெரியம்மா சக்கரத்துக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார். மேட் பூச்சில் அந்தக் கறை பிடித்தால் தேய்க்கவும் முடியாது, பாலிஷ் போடவும் முடியாது. தேய்த்த இடம் மட்டும் வழவழ என்று ஆகிவிடும்.

மாமா உடுமலை: எலுமிச்சம்பழம் நான் கொண்டு வருகிறேன். தோட்டத்தில் காய்த்துக் கிடக்கிறது

அம்மா: அண்ணா, அப்படியே ஊறுகாய்க்கும் ஒரு மூட்டை

அத்தை: நம் தோட்டம் இருந்திருந்தால் நமக்கே இருந்திருக்கும்

அப்பா: அக்கா

மாலை 5.30

சித்தப்பா: ஒரு வீல் சுரண்டிப் பார்த்தேன். நம் யூனிட்டில் இரும்புச் சாமானைச் சுரண்ட வைத்திருக்கிற ஷாட் (பொடி இரும்புக் குண்டு) இதற்கு ஆகாது, அலுமினியத்தில் இரும்புத் துகள் பதிந்து பின்னால் துரு விடும். காஸ்டிக் சோடா தொட்டியில் முக்கினால் பெயிண்டோடு வீலும் சேர்ந்து கரையும். அதனால் ஸ்ட்ரிப்பர் தடவி ஊறவைத்து உரித்திருக்கிறேன், நாளைக்குக் கணபதி ஏரியாவில் ஒரு நண்பர் இடத்தில் பொடிக் கண்ணாடி மணிகளைப் பீய்ச்சிச் சுத்தம் செய்து வாங்கி வருகிறேன். விஷயம் அதில்லை. மேலே ஒரு கருப்பு இருந்தது. ஸ்ப்ரே டப்பா வேலை. வழிந்து சொட்டு நிற்கிறது. அண்ணன் இப்படிச் செய்திருக்க மாட்டார். யார்?

சித்தப்பா: [படம்]

திவ்யாக்கா: கார்த்தி???

நான்: நான்தான். 2014. பெரியப்பா பழனிக்குப் போயிருந்தபோது

திவ்யாக்கா: அடப்பாவி. அப்பா உன்னை ஒன்றும் சொன்னதாக எனக்குத் தெரியாதே

நான்: ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு மாதம் ஒன்றுமே சொல்லவில்லை

அப்பா: அதற்காகத்தான் அந்தத் தீபாவளிக்கு அண்ணன் நம் வீட்டுக்கு வரவில்லையா

அப்பா: நான் தோப்பு விஷயம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்

அம்மா: பதினோரு வருஷமாக

பிரவீன்: மச்சான் நீ முதலிலேயே ரசனைக்காரன்

இரவு 8.10

பெரியம்மா: [குரல் செய்தி 2:14]

அத்தை: அண்ணி, எனக்கு இது ஓட மாட்டேங்குது

திவ்யாக்கா: நான் எழுதுகிறேன். அம்மா சொல்வது: ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவர் ஒரு மணை போட்டு உட்கார்ந்து பழைய வேட்டித் துணியும் பல் தேய்க்கிற பிரஷும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஓட்டையாகத் தேய்ப்பார். நான் காபி கொண்டு போய் வைத்தால் அதில் ஈ விழும் வரைக்கும் எடுக்க மாட்டார். வாங்கும்போது இருந்த நிறம் பால் காய்ச்சுகிற அலுமினியப் பாத்திரம் மாதிரி, கண்ணைக் கூசாது. நீங்கள் எதைப் போட்டாலும் எனக்குச் சம்மதம். குக்கரை அடுப்பில் வைத்திருக்கிறேன், வைக்கிறேன்.

சித்தப்பா: அண்ணி, வீல் நடுவில் வருகிற மூடி மூன்றுதான் இருக்கிறது. நான்காவது அங்கே எங்கேயாவது கிடக்கிறதா? கார் ஷெட்டில் பார்க்கச் சொல்லுங்கள்.

பெரியம்மா: ஷெட்டில் இல்லைங்க தம்பி. சாமி அறையில் இருக்குது

சித்தப்பா: சாமி அறையிலா

பெரியம்மா: விபூதி வைத்திருக்கிறேன்

பெரியம்மா: [படம்]

திவ்யாக்கா: அம்மா அது விபூதித் தட்டு என்று நான் நாலு வருஷமாக நினைத்திருந்தேன். போன தடவை வந்தபோது அதில் எடுத்துத்தான் பூசிக்கொண்டேன்

அம்மா: கம்பெனி முத்திரைகூடத் தெரியுதே

சித்தப்பா: அண்ணி, அதன் பின்பக்கம் வெயில் படாமல் அந்தப் பழைய சில்வர் அப்படியே இருக்கும். நிறம் பார்க்க எனக்கு அது வேண்டும். ஒரே ஒரு நாள்.

பெரியம்மா: விபூதியை வேற தட்டில் மாற்றிவிட்டுத் தருகிறேன். நிறம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுங்க தம்பி

பிரவீன்: அத்தை, அப்போது நான்காவது வீலுக்கு மூடி?

பெரியம்மா: அது இந்தப் பக்கம்தானே. யார் பார்க்கப்போறாங்க

வியாழன், காலை 10.20

சித்தப்பா: மூன்று தகட்டில் சாம்பிள் போட்டு வைத்திருக்கிறேன். இடது சாம்பல், நடு சில்வர், வலது கொஞ்சம் மங்கின சில்வர். இரவுக்குள் சொல்லுங்கள்.

சித்தப்பா: [படம்]

அம்மா: நடு

பிரவீன்: இடது இடது இடது

திவ்யாக்கா: வலது. மூடியோடு ஒத்துப்போகிறது

அத்தை: மூன்றும் ஒன்றுதானே

நான்: திவ்யாக்கா சொல்வதே இருக்கட்டும்

பிரவீன்: துரோகி

சித்தப்பா: முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். நாளைக்கு வீலை முதலில் வெறுமனே சூடு காட்டுவேன். பழைய வார்ப்பில் நுண்ணிய துளைக்குள் எண்ணெயும் காற்றும் இருக்கும், அதைத் துரத்தாமல் பவுடர் போட்டால் அடுப்புக்குள் கொப்பளிக்கும். அப்புறம் பிரைமர், நிறம், லாக்கர். ஒவ்வொன்றும் 180லிருந்து 200 டிகிரிக்குள். அதற்கு மேல் ஏற்றினால் அலாயின் பலம் இறங்கிவிடும். போல்ட் உட்காருகிற கூம்பிலும் ஹப்பில் ஒட்டுகிற பின்முகத்திலும் பவுடர் படாமல் மறைத்துவிடுவேன். அங்கே கோட்டிங் இருந்தால் ஓட ஓட அது நசுங்கி போல்ட் இளகும். மாட்டிய பிறகும் 50 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி போல்ட்டைச் சரியான அளவுக்கு இறுக்க வேண்டும். அழைப்பு அன்றைக்கே நேராக எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

மாமா உடுமலை: 🙏

அத்தை: 50 கிலோமீட்டர் யார் ஓட்டுவது

சித்தப்பா: நான்தான். உடுமலை வந்து உங்களையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறேன்

அப்பா: நான் ஓட்டுகிறேன்

அம்மா: என்னங்க?

அத்தை: நீயா

அப்பா: ஏன். எனக்கு லைசென்ஸ் இல்லையா

சித்தப்பா: அண்ணா, நீங்கள் இந்த வண்டியில் ஒரு தடவைகூட ஏறினதில்லை

அப்பா: பிரேக் சரி செய்துவிட்டாயா

சித்தப்பா: சனிக்கிழமை ஆகிவிடும்

அப்பா: டயர் நான் வாங்கிவிடுகிறேன். சைஸ் அனுப்பு

சித்தப்பா: சரிங்கண்ணா. அப்படியானால் மாப்பிள்ளை அழைப்புக்கு ஓட்டுவது யார்? இரண்டே சீட்டு, ஒன்று கார்த்திக்கு.

பிரவீன்: மச்சானை மச்சான்தான் ஓட்டிக்கொண்டு போக வேண்டும். முறை

அத்தை: நீ போன மாதம் ஸ்கூட்டரைக் கொண்டு போய்ப் பால் பூத்தில் விட்டவன். பேசாதே

அம்மா: அதை அப்புறம் பார்க்கலாம். நிறம் என்ன ஆச்சு

சித்தப்பா: வலதுக்கு இரண்டு ஓட்டு, நடுவுக்கு ஒன்று, இடதுக்கு ஒன்று. அண்ணியும் அண்ணாவும் இன்னும் சொல்லவில்லை.

பெரியம்மா: தம்பி, மூடியை இந்தப் பக்கம் வந்த பையனிடம் கொடுத்து அனுப்பியாச்சு. வந்துதுங்களா

சித்தப்பா: வந்தது அண்ணி. ஓரத்தில் இன்னும் விபூதி ஒட்டியிருக்கிறது. துடைக்கவில்லை.

அத்தை: ஊறுகாய் விஷயத்தை இன்னும் யாரும் சொல்லவில்லை