உப்புவெளி உணவகத்துக்கு எந்த மேசை, எந்தத் தரை?

உப்புவெளிக்காரி:
வணக்கம். திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையை ஒட்டி 40 பேர் இருந்து சாப்பிடக்கூடிய உணவகம் எங்களுடையது. மே தொடங்கி செப்டெம்பர் வரை கூட்டம். அப்புறம் வாடைக்காற்றும் மழையும்தான். போன முறை போட்ட மேசைகள் லேமினேட் ஒட்டிய துகள்பலகை. 2 மாரிகூடத் தாங்கவில்லை. ஓரம் ஊதி, மேல்தாள் உரிந்து, அத்தனையும் குப்பைக்குப் போனது இன்னும் மனதை உறுத்துகிறது. இந்த முறை மண்ணுக்கும் கடலுக்கும் கெடுதல் குறைந்த பொருளாகப் போட வேண்டும். கொழும்புக் கடை ஒன்று மூன்றைச் சொல்கிறது: தரைக்கு அழுத்திய மூங்கில், மேசைக்கு மீள்சுழற்சிப் பிளாஸ்டிக் பலகை, கவுண்டருக்கு லினோலியம். மூன்றும் இறக்குமதி. என்ன சொல்கிறீர்கள்?

கிண்ணியா ஓடாவி:
தங்கச்சி, துகள்பலகை ஊதினால் காய்ந்த பிறகும் பழைய அளவுக்குத் திரும்பாது. மரச்சீவலைப் பசை போட்டு அழுத்தியது அது. மூங்கில் சில வருடங்களிலேயே முதிர்ந்துவிடும் என்பது உண்மை. ஆனால் கீற்றுக் கீற்றாகக் கிழித்துப் பிசின் போட்டு அழுத்தினால்தான் அது பலகை. பகலில் வெயிலும் இரவில் ஈரமும் படும் திறந்த கூடத்தில் அது வளையும்.

பழைய வீடு இடிக்கும் இடத்தில் கிடைக்கும் மரத்தை வாங்குங்கள். தேக்கு, முதிரை, பாலை எல்லாம் வரும். முதிர்ந்த பனையும் நல்லது. நடுவில் இருக்கும் மெதுவான சோற்றியை நீக்கிவிட்டு, வைரம் பாய்ந்த வெளிப்பக்கத்தை எடுக்க வேண்டும். முக்கியமாக, கீறல் விழுந்தால் சீவி எண்ணெய் பூசலாம். கால் ஆடினால் இங்கேயே ஒருவர் வந்து இறுக்குவார். திருத்த முடியாத பொருளைப் பசுமைப் பொருள் என்று என்னால் சொல்ல முடியாது.

கடல்நேசன்:
நானா, உங்கள் கைவேலையில் எனக்கு மதிப்பு உண்டு. ஆனாலும் இதை ஏற்க முடியவில்லை. "பழைய மரம்" என்று விற்பதெல்லாம் பழையதுதானா? நேற்றுத் தறித்த மரத்தில் நாலு ஆணி அடித்துப் பழசாக்குகிறவர்களும் இருக்கிறார்கள். பலா, ஈரப்பலா, பெண் பனை தறிக்க 1951ஆம் ஆண்டிலிருந்தே அனுமதி வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஒவ்வொரு கடையும் பழைய மரம் கேட்டால் காடுதான் பதில் சொல்லும்.

மீள்சுழற்சிப் பலகையைக் கறையான் அரிக்காது, உப்புக்காற்றில் உக்காது, வார்னிஷ் வேண்டாம். கடற்கரையில் ஒதுங்கும் போத்தல் மூடிகளைப் பார்க்கும் எவருக்கும் அந்தப் பிளாஸ்டிக் ஒரு மேசையாகி இருபது வருடம் நிற்பது பெரிய விஷயம்.

கிண்ணியா ஓடாவி:
தம்பி, அனுமதிப் பேச்சு சரி. எந்த வீட்டு மரம் என்று காட்டாதவரிடம் வாங்க வேண்டாம். இடிக்கும் இடத்துக்கே போய்ப் பாருங்கள். பிளாஸ்டிக் பலகையும் நான் பொருத்தியிருக்கிறேன். 2 மீட்டர்ப் பலகை வெயிலில் 20 பாகை கூடச் சூடானால் ஐந்தாறு மில்லிமீட்டர் நீளும். ஆணித் துளையை நீட்டமாகப் போடாவிட்டால் முறுக்கிக்கொள்ளும். வெயில் தாங்கும் கலவை சேர்க்காதது வெளிறி வெடிக்கும், தூளாக உதிரும். அந்தத் தூள் போவதும் கடலுக்குத்தானே?

கடல்நேசன்:
அது மட்டமான பலகைக்குப் பொருந்தும். கலவை சேர்த்ததை வாங்கி நிழலில் போட்டால் அந்தப் பயம் இல்லை. உங்கள் மரத்துக்கு வருடா வருடம் எண்ணெய் பூசச் சம்பளம் கொடுப்பது யார்?

கோட்டை வீதி மேசன்:
ஏற்கெனவே உள்ள தரையைப் பற்றி யாரும் கேட்கவில்லையே. தங்கச்சி, இப்போது என்ன தரை?

உப்புவெளிக்காரி:
பழைய சிவப்புச் சீமெந்துத் தரை அண்ணை. இரண்டு இடத்தில் வெடிப்பு.

கோட்டை வீதி மேசன்:
அப்படியென்றால் அதை உடைக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். உலகத்துக் கரியமில வாயுவில் ஏறத்தாழ 8 சதவீதம் சீமெந்து செய்வதால் வருகிறது. பீங்கான் ஓடு 1000 பாகைக்கு மேல் சுட்டெடுப்பது. ஏற்கெனவே கிடக்கும் தரையைவிடக் கெடுதல் குறைந்த தரை எந்தக் கடையிலும் இல்லை. வெடிப்பை வெட்டி, அதே சிவப்புக் கலவையால் அடைத்து, தேய்த்து, மெழுகு போட்டால் போதும். ஒட்டுப்போட்ட இடம் சற்று வேறு நிறமாகத் தெரியும், தெரியட்டும்.

லினோலியம் என்று நம் ஆட்கள் சொல்வது பெரும்பாலும் பிவிசி என்ற பிளாஸ்டிக் விரிப்பு. உண்மையான லினோலியம் 1860களில் வந்தது. ஆளிவிதை எண்ணெய், மரத்தூள், சணல்துணி சேர்ந்தது. நல்ல பொருள்தான். கவுண்டர் மேலே ஒட்டலாம், தண்ணீர் தேங்கவிடாமல் துடைக்க வேண்டும். கீழிருந்து ஈரம் ஏறும் தரையில் மட்டும் ஒட்டவே கூடாது.

கடல்நேசன்:
தரை விஷயத்தில் அண்ணை சொல்வதே சரி. மூங்கிலை விட்டுவிடுங்கள். மேசைப் பேச்சில் நான் மாறவில்லை.

கிண்ணியா ஓடாவி:
நானும்தான். எந்தப் பலகை என்றாலும் திருகாணி 316 ரகத் துருப்பிடிக்காத உருக்காக இருக்கட்டும். சாதாரண ஆணி போட்டால் கடலருகில் பலகைக்கு முன்னே அது போய்விடும்.

உப்புவெளிக்காரி:
எல்லாருக்கும் நன்றி. சிவப்புத் தரை இருக்கும். கவுண்டருக்கு லினோலியம், அதுவும் உண்மையானதா என்று துண்டு வாங்கிப் பார்த்த பிறகு. மேசை அவசரமில்லை, சீசன் முடிகிறது. நானா ஒரு பாலைப் பலகை தாருங்கள், அந்தக் கொழும்புக் கடையில் ஒரு பிளாஸ்டிக் பலகை வாங்குகிறேன். இரண்டையும் கடல் பார்த்த விறாந்தையில் மார்கழி முடியும்வரை போட்டுவைத்து, தைப்பொங்கலுக்குப் படம் போடுகிறேன்.